ரத்தத்தில் கூடியது உப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரகம் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாமல் போனதிலிருந்து ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் இது வழக்கம். அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் உப்பின் அளவு 1.2-ஐத் தாண்டினால்" என்று தொடங்கும் வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். "ஆச்சி, அமிலமும் காரமும் சேர்ந்தாத்தான உப்பு வரும்? கிரியாட்டினின் எந்த அமிலத்தோட உப்பு?" என்று கேட்டாள்.

எந்த அமிலத்தின் உப்பும் இல்லை. அது உப்பே இல்லை. அரசு மருத்துவமனைகளில் 34 வருஷம் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்தவள் நான். கிரியாட்டினின் பார்க்காத நாள் அபூர்வம். ஆனாலும் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்கு நானும் ஒரு காரணம். ரிப்போர்ட் வாங்க ஜன்னல் பக்கம் வந்து நிற்பவர்களிடம் "உப்பு கொஞ்சம் கூடியிருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதத்தை உங்கள் மேல் குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. நான் சொல்லி வந்ததையும் திருத்திக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

அதே பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி, நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு சேர்க்க வேண்டாம் என்று போட்டிருந்தீர்கள். அது சரியான தகவல். ஆனால் மேலே 1.2 உப்பு, கீழே 5 உப்பு. அன்று சாயங்காலமே அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அஞ்சு கிராம் சாப்பிடலாம்னும் போட்டிருக்கு, 1.2-க்கு மேல போனா கிட்னிக்கு ஆகாதுன்னும் போட்டிருக்கு. நான் எதைம்மா நம்ப?" என்று கேட்டார். அவருக்குக் கிரியாட்டினின் 1.6 இருக்கிறது. பயந்துபோய்த்தான் வந்திருந்தார். மேலே உள்ளது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் கிரியாட்டினின் என்ற கணக்கு. கீழே உள்ளது அடுப்படி டப்பாவில் இருக்கும் உப்பு. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, படிக்கிறவர் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தப்பே கிடையாது.

எங்கள் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பு என்றால் அது வெறும் சமையல் சாமான் இல்லை. என் அப்பா அளத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் லீவு என்றால் தூக்குவாளியில் நான்தான் சோறு கொண்டுபோவேன். பாத்தியில் நிற்கும் தண்ணீரை எடுத்து, அதில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். சூட்டின் டிகிரி இல்லை, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் டிகிரி. 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு விளையத் தொடங்கும். அதற்கு முந்தின பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிட்டிருக்கும். அது கால்சியம் சல்பேட். உப்பை வாரிய பிறகு 29, 30 டிகிரியில் கசப்புத் தண்ணீர் ஒன்று நிற்கும். அதைத் திறந்துவிடாமல் வைத்திருந்தால் உப்பும் சேர்ந்து கசக்கும். மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும்தான் அந்தக் கசப்பு. ஒரே தண்ணீர், ஒரே வெயில், அதிலிருந்து நாலு விதமான உப்பு. கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷர்கள் இதையெல்லாம் பிரித்துப் பிரித்துத்தான் பேசினார்கள். என்னென்ன விளையும், எது ஆகும், எது ஆகாது என்று அவர்களுக்குக் குழப்பமே வந்ததில்லை.

வேதியியலில் உப்பு என்பது ஒரு பெரிய குடும்பம். சமையல் உப்பு அதில் ஒன்று. மயில்துத்தமும் உப்புதான், படிகாரமும் உப்புதான், இட்லி மாவில் சிலர் போடும் சோடாவும் உப்புதான். நேர் மின்னூட்டம் உள்ள ஒரு பகுதியும் எதிர் மின்னூட்டம் உள்ள ஒரு பகுதியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கும். தண்ணீரில் போட்டால் இரண்டும் தனித்தனியே பிரியும். கிரியாட்டினினில் அப்படி ஒன்றும் இல்லை. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் நாலும் சேர்ந்த சின்ன மூலக்கூறு அது. நம் தசையில் கிரியாட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கிரியாட்டினினாக மாறி ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்பும். வடிகால் அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் தேங்கும். எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தால் அடைப்பு எவ்வளவு என்று ஊகிக்கலாம். அதற்காகத்தான் அதை அளக்கிறோம். உடற்கட்டான இளைஞனுக்கு 1.3 சாதாரணமாக இருக்கலாம். மெலிந்த பாட்டி ஒருத்திக்கு 1.1 இருந்தால்கூட யோசிக்க வேண்டியிருக்கும். ஏனென்றால் அது வருவது தசையிலிருந்து. சாப்பாட்டில் போடும் உப்பிலிருந்து இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் கையால்தான் செய்தோம். பிக்ரிக் அமிலம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருக்கும். அதில் காரக் கரைசலைச் சேர்த்து, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை விட்டால் சிறிது நேரத்தில் மஞ்சள் கனிந்து ஆரஞ்சாக மாறும். கிரியாட்டினின் கூடக்கூட நிறம் செம்மையாகிக்கொண்டே போகும். மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் 1886-இல் கண்டுபிடித்த வினை இது. இப்போது இயந்திரம் செய்கிறது, ஆனால் பல இடங்களில் உள்ளே நடப்பது அதே வினைதான். அந்தக் குழாயில் சீரத்துக்குப் பதிலாக ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

சரி, ஜனங்கள் ஒரு பெயர் வைத்துப் பேசிவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு மதினி இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிரியாட்டினின் 2.1 என்று வந்தது. "உப்பு கூடியிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு டப்பா பரணுக்குப் போய்விட்டது. உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாக் கூட்டு, ஊறுகாய் கிடையாது, கருவாடு கிடையாது. கருவாடு இல்லாமல் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் ஆறு மாதம் இருப்பதென்றால் அது எவ்வளவு பெரிய வைராக்கியம் என்று இங்கே உள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. தினம் ஒன்று, சில நாள் இரண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அவை நேரடிக் கேடு. அதைக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. குற்றவாளி உப்பு என்று முடிவாகிவிட்ட பிறகு வேறு யாரைத் தேடப் போகிறார்கள்?

போதாததற்கு, உப்பைக் கரைக்கும் என்று ஒருவர் சொல்ல, தினம் ஓர் இளநீர். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இளநீர் அமிர்தம். அதில் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகத்தால் அந்தப் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் 3.5-இலிருந்து 5 வரை இருக்க வேண்டியது 6, 7 என்று ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், நின்றும் போகலாம்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் 3.4. மதினி அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "நான் உப்பைக் கையால தொடலையே, எனக்கு எப்படி உப்பு கூடும்?" என்று கேட்டார். அழவில்லை. தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகம். நான் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் வலி மாத்திரை விஷயமும் இளநீர் விஷயமும் வெளியே வந்தன. ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சமையல் உப்பைக் குறைப்பது நல்லதுதான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் வீக்கத்தைக் குறைக்கவும். உப்பை நிறுத்தினால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு சொல்.

இதைவிட எனக்கு மனசில் பாரமாக இருப்பது கர்ப்பிணிகள் விஷயம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போவதையும் நாம் "உப்பு போகுது" என்றுதான் சொல்கிறோம். "யூரின்ல உப்பு இருக்கு" என்று கேட்காத பேறுகால வார்டு தமிழ்நாட்டில் இருக்காது. அந்தப் பரிசோதனையை நான் செய்த விதத்தை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் பிறகு ஒருநாளும் புரதத்தை உப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீரை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, குழாயைச் சாய்த்து, மேல் பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கொதி வரும்போது மேலே வெண்மையாக ஒரு கலங்கல் எழும். கீழே தெளிவு, மேலே பால் மாதிரி. இந்த இடத்தில் அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். இரண்டு மூன்று சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம் விட வேண்டும். அதாவது காடிதான். விட்டதும் கலங்கல் சட்டென்று மறைந்து குழாய் பழையபடி தெளிந்துவிட்டால், அது பாஸ்பேட். சூடு பட்டால் பிரிந்து, அமிலம் பட்டால் கரையும்; உண்மையான உப்பு அதுதான், அதனால் பெரும்பாலும் ஆபத்தும் இல்லை. அமிலம் விட்ட பிறகும் கலங்கல் அப்படியே நின்றால், இன்னும் திரண்டுகொண்டால், அது ஆல்புமின். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு எப்படிக் கெட்டியாகிறதோ அதே சங்கதி. மோசமான நிலையில் வரும் பெண்களின் சிறுநீர் குழாய்க்குள் தயிர் மாதிரி உறைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குழாயைக் கவிழ்த்தாலும் இறங்காது.

ஆக, கரைந்து போனது உப்பு. கரையாமல் நின்றது புரதம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கென்றே செய்யும் ஒரு பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து புரதத்துக்கு உப்பு என்று பெயர் சொன்னோம். இப்போது விளக்கும் இல்லை, அசிட்டிக் அமிலமும் இல்லை. சிறுநீரில் முக்கியெடுத்தால் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் பட்டை வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பெயரால் என்ன நடந்தது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்று. ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. ஆல்புமின் இரண்டு பிளஸ், அதாவது புரதம் நன்றாகவே போகிறது. ரத்த அழுத்தம் 150/100. மறுநாளே வந்து சேரச் சொல்லி அனுப்பினோம். அந்தப் பெண்ணின் மாமியார் நல்ல மனுஷி, மருமகளைத் தாங்கித் தாங்கித்தான் அழைத்து வந்தார். "உப்புதான, நான் பாத்துக்கிடுதேன், இனிமே ஒரு கல்லு உப்பு போட மாட்டேன்" என்று சொல்லிக் கூட்டிப் போனவர், ஒன்பது நாள் கழித்து வலிப்போடு ஆட்டோவில் கொண்டுவந்தார். தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. அந்த மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து, "நான் உப்பே போடலையே, உப்பே போடலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. 20 வாரம் கடந்த பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் போனால், அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. உணவில் உப்பைக் குறைப்பதால் அது தடுக்கப்படும் என்று சொல்ல இடமில்லை. அதற்காக உப்பைக் குறைக்கச் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. "புரதம் போகுது, சிறுநீரகத்துலயும் ரத்தக் குழாய்லயும் கோளாறு, கட்டாயம் படுக்கையில் சேரணும்" என்று நாங்கள் சொல்லியிருந்தால் அவர் அடுப்படியில் தீர்வு தேடியிருக்க மாட்டார்.

இந்தச் சொல் எப்படி இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தமிழில் உப்பு என்பது பொருளின் பெயர் மட்டும் இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, முகம் உப்பிப் போயிருக்கிறது, பூரி உப்பி வருகிறது என்கிறோம். சிறுநீரகக் கோளாறில் முதலில் கண்ணுக்குத் தெரிவது அந்த உப்பல்தான். காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே, சாயங்காலம் கணுக்காலில். உப்பின உடம்புக்குக் காரணம் உப்பு நீர், உப்பு நீருக்குக் காரணம் உப்பு என்று பேச்சு போயிருக்கலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் தெரிந்தவர்கள் சரியா தப்பா என்று சொல்லட்டும்.

இனி என் அம்மா. அவர்களுக்கு 81 வயது. அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வந்தார்கள், அதோடு நீர் பிரிவதற்கும் ஒன்று. ஒருமுறை கிரியாட்டினின் 1.4 என்று வர, ஊரில் என் தம்பி வீட்டில் எல்லாரும் சேர்ந்து உப்பைச் சுத்தமாக நிறுத்திவிட்டார்கள். நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். இரண்டு வாரத்தில் அம்மா பேச்சு மாறிவிட்டது. செத்துப்போன பெரியம்மா பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வெயில் வேளையில் "விளக்கு ஏத்தலையா" என்று கேட்டார்கள். வயசாயிட்டு, புத்தி தடுமாறுது என்று பேசிக்கொண்டார்கள். நான் வந்து ரத்தம் எடுக்கச் சொன்னேன். சோடியம் 116. இருக்க வேண்டியது 135-இலிருந்து 145 வரை. மருத்துவமனையில் சேர்த்து, அடர்த்தியான உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு என்பதால் மணிக்கு மணி பார்த்துத்தான் ஏற்ற முடியும். நாலாவது நாள் அம்மா என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம். "போன மாசம் உப்பு கூடிட்டுன்னீங்க, இப்ப உப்பு குறைஞ்சிட்டுங்கீங்க. கூடிச்சா குறைஞ்சிச்சா?" என் அம்மாவின் ஒரே ரிப்போர்ட்டில், ஒரே காகிதத்தில், கூடிய 'உப்பும்' குறைந்த உப்பும் நாலு வரி தள்ளித் தள்ளி இருந்தன. கிரியாட்டினின் 1.4, சோடியம் 116. இரண்டையும் பெயர் சொல்லிப் பேசியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. என் தம்பி படிக்காதவன் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவன். அவனுக்கு வந்து சேர்ந்த சொல் அப்படி.

பேத்தியின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். அவளிடம் யூரியாவின் கதையைச் சொன்னேன். வயலில் போடுகிறோமே அதே யூரியாதான், நம் ரத்தத்திலும் இருக்கிறது. புரதம் செரித்து மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இதையும் நாம் உப்பு என்கிறோம். 1828-இல் ஃபிரெட்ரிக் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்கப் போனார். கிடைத்த படிகம் உப்புக்குரிய குணம் எதையும் காட்டவில்லை. பார்த்தால் அது யூரியா. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே, கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. சிறுநீரகம் இல்லாமலே, மனிதனும் வேண்டாம் நாயும் வேண்டாம், தன்னால் யூரியா செய்ய முடியும் என்று தன் ஆசான் பெர்சீலியஸுக்கு எழுதினார். உயிருள்ள உடம்பில் உண்டாகும் பொருளை உயிரற்றதிலிருந்து செய்யலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வரும். "அப்ப அந்த உப்பு உப்பா இல்லாம போனதுனாலதான் கண்டுபிடிப்பே!" என்றாள் பேத்தி. ஆமாம், அந்தப் படிகத்தையும் உப்பு என்றே எழுதி அலமாரியில் வைத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

சமையல் உப்பிலேயே இன்னொரு குழப்பம், அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு வேறு, சோடியம் வேறு. நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உப்புக்கு. 2 கிராமுக்குள் என்பது சோடியத்துக்கு. இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. 58.5 பங்கு சோடியம் குளோரைடில் 23 பங்குதான் சோடியம், மீதி குளோரின். மிக்சர், நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்னால் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தால் அதை இரண்டரையால் பெருக்க வேண்டும். 2 கிராம் உப்பு ஆகிவிடும். உங்கள் பக்கத்தில் முன்பு ஒருமுறை "2 கிராம் உப்பு" என்று வந்திருந்தது. சோடியம் என்பதை உப்பு என்று மாற்றியதால் வந்த பிழை அது.

அப்புறம் இந்துப்பு. சிறுநீரகத்துக்கு ஒன்றும் செய்யாது என்று நம்பி விலை கொடுத்து வாங்குகிறார்கள். பாறையிலிருந்து வெட்டினாலும் பாத்தியில் விளைந்தாலும் 100-க்கு 95-க்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அயோடின் கலந்த உப்பில் சட்டப்படி குறைந்தது 15 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 15 பங்கு, அயோடின் இருக்க வேண்டும்; அது இந்துப்பில் இயற்கையாக இருக்காது. இதற்கு நேர்மாறான ஆபத்து, சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது. அதில் ஒரு பகுதி சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது நல்லது. "உப்பு கூடியிருக்கு" என்று கேட்டுவிட்டு மதினி மாதிரி ஒருவர் அதை வாங்கிச் சாப்பிட்டால், இளநீருக்குச் சொன்னதே இங்கேயும்.

சிறுநீரகக் கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட், அதை உப்பு என்றால் தப்பில்லை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும்போது அங்கே படிவதும் அந்த அமிலத்தின் சோடியம் உப்புதான், அதையும் உப்பு என்றால் தப்பில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே பல ஆய்வகங்கள் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு பியுஎன் என்று தருவார்கள். அங்கே 20 என்றால் இங்கே யூரியா 43. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்ததும் இரண்டு மடங்கு ஏறிவிட்டதென்று பதற வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மருத்துவப் பக்கத்தில் எழுதுகிறவர்களிடமும் மொழிபெயர்க்கிறவர்களிடமும் சொல்லுங்கள். உப்பு என்றால் அடுப்படி உப்பு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சோடியத்தைச் சோடியம் என்றும் பொட்டாசியத்தைப் பொட்டாசியம் என்றும் எழுதலாம். கிரியாட்டினின், யூரியா இரண்டுக்கும் பெயர் வாயில் நுழையாது என்று தோன்றினால், "கழிவு" என்று சொல்லுங்கள். ரத்தத்தில் கழிவு தேங்கியிருக்கிறது என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும். கழிவு ஏன் தேங்கியது என்று அடுத்த கேள்வியும் தானாக வரும். ஆல்புமினைப் புரதம் என்று எழுதுங்கள். புரதம் என்ற சொல்லைச் சத்துணவுக் கூடத்திலேயே நம் ஜனங்கள் கேட்டுவிட்டார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லிப் பாருங்கள், "உடம்புல இருக்க வேண்டியது ஏன் வெளிய போகுது?" என்று உடனே கேட்பார்கள். நான் இப்போது எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்கிறேன், அப்படித்தான் கேட்கிறார்கள்.

அடுத்த தெருப் பெரியவரின் ரிப்போர்ட்டுக்குப் பின்பக்கம் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். கழிவு 1.6, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சமையல் உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கூடாது. அவர் அதை நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அதே மருத்துவப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும்தான் அவர் வெட்டியெடுத்து வைத்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
ஆறுமுகநேரி, தூத்துக்குடி மாவட்டம்.